ஹிப்-ஹாப்பில் பெண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப்-ஹாப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற குற்றச்சாட்டும், அது ஒடுக்கப்பட்டவர்களின் குரல் என்ற பெருமிதமும் ஒரே இசையைப் பற்றித்தான் சொல்லப்படுகின்றன; இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இந்த இசையை நேசிப்பவர்களும் அதைக் கண்டு அஞ்சும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை நேர்மையாக விடையளிக்க முயன்றிருக்கிறேன்.

ஹிப்-ஹாப் என்பதும் ராப் என்பதும் ஒன்றா?

இல்லை. ராப் என்பது தாளத்தோடு எதுகை கூட்டிச் சொல்லும் சொல்லிசை. ஹிப்-ஹாப் என்பது அதையும், டிஜேயின் இசைத்தட்டு வேலையையும், பிரேக்டான்ஸையும், கிராஃபிட்டி ஓவியத்தையும் உள்ளடக்கிய ஒரு பண்பாடு. பெண்களைப் பற்றிய சர்ச்சை பெரும்பாலும் ராப் வரிகளையும் அவற்றுக்கான காணொளிகளையும் சுற்றியே நடப்பதால் இங்கும் அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தக் கலை பிறந்தபோது பெண்கள் எங்கே இருந்தார்கள்?

முதல் நாளிலேயே இருந்தார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற எண்ணுள்ள குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே இசைத்தட்டு சுழற்றிய டிஜே கூல் ஹெர்க்கின் பெயரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பள்ளி திறக்கும்முன் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அந்த விருந்தைத் திட்டமிட்டு, அழைப்பிதழ் எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல்.

அதன் பிறகும் அப்படித்தான். ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற குழு 1981 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக ராப் நிகழ்த்தியபோது, பெயரிலுள்ள அந்த 'பிளஸ் ஒன்' ஷா-ராக் என்ற பெண்தான். ராப்பை முதன்முதலாக உலகெங்கும் கொண்டு சென்ற 1979-ஆம் ஆண்டின் 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலையும், வறுமையின் நெருக்கடியைப் பாடி சமூக உணர்வுள்ள ராப்புக்கு வழி திறந்த 1982-ஆம் ஆண்டின் 'த மெசேஜ்' பாடலையும் வெளிக்கொணர்ந்தவர் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சில்வியா ராபின்சன். ஹிப்-ஹாப் ஆண்களின் இசை, பெண்கள் அதில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றை அவர்களிடம் சொல்லுங்கள். மறதியும் ஒருவகை இழிவுபடுத்தல்தான் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் பெண்களை இழிவாகப் பேசும் போக்கு எப்படி வலுப்பெற்றது?

வசைச் சொற்கள் தொடக்கத்திலும் இருந்தன. அவற்றைப் பெரும் விற்பனைச் சரக்காக்கியது 1990-களின் சந்தை. 1991-இல் பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழ், அதிகம் விற்கும் ஆல்பங்களைக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பட்டியலிடுவதை விட்டு, உண்மையான விற்பனைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடத் தொடங்கியது. சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. பெண்களை அடிப்பதையும் ஏய்ப்பதையும் வீரமாகப் பாடும் கேங்ஸ்டா ராப்புக்கு, அந்தத் தெருக்களைக் கண்ணாலும் கண்டிராத புறநகர் இளைஞர்கள் வரை பெருங்கூட்டம் காத்திருப்பதை இசை நிறுவனங்கள் அப்போது கண்டுகொண்டன.

அடுத்த திருப்பம் 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரே நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அது நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. உள்ளூர்க் கலைஞரை அறிந்து பாடல் தேர்ந்தெடுத்த நிலையங்கள் குறைந்து, எங்கோ தயாரான ஒரே பட்டியல் எல்லா ஊர்களிலும் ஒலித்தது. விற்றுக் காட்டிய வாய்பாட்டையே மீண்டும் மீண்டும் ஒலிபரப்புவதுதான் அந்த ஏற்பாட்டில் லாபம். பாடியவரின் பொறுப்பை இது குறைத்துவிடாது. ஆனால் பாடியவரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, பதிவு செய்தவரையும் ஒலிபரப்பியவரையும் விளம்பரம் கொடுத்தவரையும் பார்வையாளர் வரிசையில் உட்கார வைப்பது நியாயமாகாது.

எல்லா ராப் பாடல்களும் இப்படித்தானா?

இல்லை. ரொனால்ட் வைட்சர், சாரிஸ் குப்ரின் என்ற இரு சமூகவியல் ஆய்வாளர்கள், 1992-க்கும் 2000-க்கும் இடையே பத்து லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பங்களிலிருந்து எடுத்த 403 ராப் பாடல்களை வரிவரியாக ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 22 விழுக்காட்டுப் பாடல்களில் பெண் வெறுப்பு இருந்தது. எல்லாமே ஆபாசம் என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த எண் ஒரு மறுப்பு. ஒன்றிரண்டு பேர் செய்த தவறு என்று தட்டிக்கழிப்பவர்களுக்கும் மறுப்பு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் என்பது தற்செயலாக நேர்வதன்று. பெண்ணை வெறும் உடலாகப் பார்ப்பதே அவற்றில் மிகுதியாக இருந்தது; வசைப் பெயர் சூட்டுவதும், பணத்துக்காக ஏமாற்றுபவளென்று சந்தேகிப்பதும் அடுத்து வந்தன.

பாடலில் பெண் எந்தெந்த வேடங்களில் வருகிறாள்? 'நல்ல' பாடல்களில் சிக்கல் இல்லையா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

பெண்ணை வசைபாடும் பாடலை அடையாளம் காண்பது எளிது. காணொளியில் காரோடும் நகையோடும் சேர்த்து அடுக்கி வைக்கப்பட்ட பெண்கள், பெயரில்லாதவர்கள், பேசாதவர்கள், பெரும்பாலும் முகம்கூடச் சரியாகக் காட்டப்படாதவர்கள். ஆனால் சமூக அக்கறையுள்ளவை என்று பாராட்டப்படும் பாடல்களிலும் பெண் பல நேரங்களில் பேசுவதில்லை. அங்கே அவள் தியாகத் தாயாக, காக்கப்பட வேண்டிய தங்கையாக, வழிதவறி அழிந்த சிறுமியாக வருகிறாள். போற்றப்படுகிறாள், இரங்கப்படுகிறாள், அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ராப்பர் டூபாக் ஷகூரைப் பாருங்கள். 1991-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில், பன்னிரண்டு வயதில் கருவுற்ற ஒரு சிறுமி குடும்பத்தாலும் சமூகத்தாலும் கைவிடப்பட்டு அழிவதைப் பாடினார். எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சை அறுக்கும் பாட்டு. ஆயினும் அங்கே அவளுடைய கதை சொல்லப்படுகிறதே தவிர, அவள் சொல்வதில்லை. 1993-இல் கறுப்பினப் பெண்களுக்கு ஆறுதலும் மதிப்பும் சொல்லி ஒரு பாடலை வெளியிட்டார். அதே காலத்தில் வசைச் சொற்கள் நிறைந்த பாடல்களையும் பாடினார். தாய் அஃபெனி ஷகூருக்காக எழுதிய 'டியர் மாமா' 1995-இல் வெளிவந்தபோது, ஒரு பெண்ணுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார். தாயைத் தெய்வமாக்கிப் பாடும் ஒருவர் மற்றப் பெண்களைச் சமமாக நடத்துவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பீடத்தில் ஒருத்தி, காலடியில் மற்றவர்கள் என்ற இந்த ஏற்பாடு ராப்புக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எனவே ஒரு பாடலை எடைபோட நான் பயன்படுத்தும் கேள்வி, அதில் கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பதைவிட, பாட்டிலுள்ள பெண் ஒரு ஆளாக இருக்கிறாளா என்பதே. அவள் பேசுகிறாளா, விரும்புகிறாளா, மறுக்கிறாளா, முடிவெடுக்கிறாளா? 2017-இல் வந்த '4:44' ஆல்பத்தில் ராப்பர் ஜே-ஸி மனைவிக்கு இழைத்த துரோகத்தை ஒப்புக்கொண்டு வருந்தியது பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆல்பத்தின் வேறொரு பாடல் என்னை அதைவிடக் கவர்ந்தது. தம் தாய் குளோரியா கார்ட்டர் ஒரு பெண்ணை நேசிப்பதையும், அதை நெடுங்காலம் மறைத்து வாழ நேர்ந்ததையும் அவர் அதில் பாடுகிறார்; பாடலின் முடிவில் அந்தத் தாயே தம் சொந்தக் குரலில் பேசுகிறார். தாயைப் போற்றும் ராப் பாடல்கள் பல இருக்க, தாயைப் பேசவிட்டதுதான் இதன் சிறப்பு.

"எங்கள் தெருவில் நடப்பதைத்தானே பாடுகிறோம்" என்ற வாதம் சரிதானா?

பாதி சரி. வறுமை, காவல்துறையின் வன்முறை, போதைப்பொருள் ஆகியவற்றைப் பற்றி எந்த நாளிதழும் எழுதாததை ராப் பாடியது. அந்தச் சாட்சியத்தின் மதிப்பை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அதே தெருவில் பெண்களும் வாழ்கிறார்கள். இரவில் பணியிலிருந்து திரும்பும் பெண்ணைத் தொடரும் காலடிகளும் அந்தத் தெருவின் உண்மைதான். ஒரு பக்கத்து உண்மையை மட்டும் சொல்லிவிட்டு, இதுதான் நடப்பு என்று சாதிப்பது சாட்சியம் ஆகாது. பெண் ராப்பர் எம்சி லைட் இளம் வயதிலேயே எழுதிய ஒரு பாடலில், தன் காதலனைத் தன்னிடமிருந்து பிரித்த 'போட்டிக்காரி' உண்மையில் கிராக் போதைப்பொருள் என்று ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். அதே தெரு, அதே போதை. பார்க்கும் கண் மாறியதும் கதை முழுவதும் மாறிவிடுகிறது.

தடை செய்துவிட்டால் தீராதா?

செய்து பார்த்தார்கள். ஃபுளோரிடாவைச் சேர்ந்த 2 லைவ் குரூ என்ற குழுவின் ஆல்பத்தை 1990 ஜூன் மாதம் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆபாசம் என்று அறிவித்தார். அதை விற்ற கடைக்காரர் கைது செய்யப்பட்டார். பாடிய குழுவினரும் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆல்பத்துக்கு விலைகொடுத்தும் வாங்க முடியாத விளம்பரம் கிடைத்தது.

இந்த வழக்கைப் பற்றிச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991-இல் எழுதியதை நான் இன்றும் வழிகாட்டியாகக் கொள்கிறேன். இனமும் பாலினமும் சேர்ந்து ஒருவரை ஒடுக்கும் விதத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல்லையே 1989-இல் உருவாக்கியவர் அவர். வெள்ளையர்களின் ஆபாசம் தடையின்றி விற்கும் நாட்டில் கறுப்பின ஆண்களை மட்டும் தேடிப்பிடித்து வழக்குத் தொடுத்தது இனவெறி என்று அவர் சொன்னார். அந்த வரிகள் கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்பதையும், அதைப் பண்பாட்டு நகைச்சுவை என்று சொல்லி மழுப்ப முடியாது என்பதையும் அதே கட்டுரையில் சொன்னார். தடை கோரியவர்களுக்கும் அதை எதிர்த்தவர்களுக்கும் இடையே நடந்த சண்டையில் அந்த வரிகளின் இலக்கான பெண்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்பதே அவருடைய முறையீடு.

குடிமை உரிமைப் போராளியான சி. டெலோரஸ் டக்கர் 1990-களில் இத்தகைய வரிகளுக்கு எதிராக இசை நிறுவனங்களின் பங்குதாரர்கள் வரை சென்று வாதாடினார். அவரைப் பழமைவாதி என்று பலர் கேலி செய்தார்கள். அவருடைய எல்லாக் கோரிக்கைகளோடும் நான் உடன்படவில்லை; ஆனால் லாபம் பெறுபவரின் வாசலில் போய் நின்று கேள்வி கேட்ட துணிவை மதிக்கிறேன்.

பெண் கலைஞர்கள் என்ன விடை அளித்தார்கள்?

பாட்டுக்குப் பாட்டாகவே அளித்தார்கள். 1984-இல் யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு, தங்களைக் கண்டுகொள்ளாத ரொக்ஸான் என்ற பெண்ணைக் குறைசொல்லி ஒரு பாடலை வெளியிட்டது. குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, அந்த ரொக்ஸான் தானே என்ற பாவனையில் மறுமொழி பாடி, அந்த இளைஞர்களை ஒவ்வொருவராகக் கிழித்தெறிந்தாள். ரொக்ஸான் ஷான்டே என்ற பெயர் நிலைத்தது. பாட்டிலிருந்த ஊமைப் பெண்ணுக்கு வாய் முளைத்த கணம் அது. ஹிப்-ஹாப்பின் போட்டி மரபே அதற்கு இடம் கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிர்ப்பாட்டு பாடுவது இந்தக் கலையின் இலக்கணத்திலேயே உள்ளது.

குவீன் லத்தீஃபா 1989-இல் மோனி லவ்வுடன் பாடிய 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாடலின் காணொளியில், அடிமை முறைக்கு எதிராகப் போராடிய ஹேரியட் டப்மன் போன்றவர்களின் உருவங்களையும் தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்புக் காட்சிகளையும் இணைத்து, பெண்ணின் பெருமையை ஒரு நீண்ட அரசியல் வரலாற்றின் பகுதியாகக் காட்டினார். 1993-இல் வந்த 'யூனிட்டி' இன்னும் நேரடியானது. தெருவில் பெண்ணைச் சீண்டுபவன், வீட்டில் அடிக்கும் காதலன், ரவுடித்தனத்தைப் பெருமையாக நினைத்து நகலெடுக்கும் இளம்பெண் என மூவரையும் அது தட்டிக்கேட்டது. அந்தப் பாடலுக்கு 1995-இல் கிராமி விருது கிடைத்தது. பொறுப்பான பாட்டு விற்காது என்ற சாக்கை ஏற்க நான் மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

சால்ட்-என்-பெப்பா என்ற பெண்கள் குழுவினர் 1991-இல் பாலுறவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம் என்று பாடி, பின்னர் அதே மெட்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகச் சொற்களை மாற்றிப் பதிவு செய்தார்கள். லாரின் ஹில்லின் 1998-ஆம் ஆண்டுத் தனி ஆல்பம் மறு ஆண்டு ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது ஒரு ஹிப்-ஹாப் கலைஞருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை.

தம் உடலையும் காமத்தையும் வெளிப்படையாகப் பாடும் பெண் ராப்பர்கள் அதே தவற்றைத்தானே செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியை லில் கிம்மின் 1996-ஆம் ஆண்டு ஆல்பம் முதல், கார்டி பி, மெகன் தீ ஸ்டேலியன் இருவரும் 2020-இல் சேர்ந்து பாடிய பாடல் வரை கேட்டு வருகிறார்கள். ஆண் தன் இச்சையைப் பாடினால் இயல்பு, பெண் பாடினால் சீரழிவு என்ற இரட்டை அளவுகோல் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் மேலே சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால், இந்தப் பாடல்களில் பெண் பேசுகிறாள், வேண்டும் என்கிறாள், வேண்டாம் என்கிறாள். அதேசமயம், சந்தை ஒரு காலத்தில் ஒரே வகைப் பெண் பிம்பத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால், அந்தத் தேர்வு முழு விடுதலை ஆகிவிடாது. லில் கிம்முக்கு இடம் கிடைத்தபோது எம்சி லைட் போன்றவர்களுக்கும் அதே அளவு இடம் கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியே இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

பாடல்கள் உண்மையான வன்முறைக்குக் காரணமாகின்றனவா?

ஒரு பாட்டைக் கேட்டதால் ஒருவன் அடித்தான் என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் அடிபட்ட பெண்ணை நம்பலாமா என்று சுற்றியிருப்பவர்கள் யோசிக்கும்போது, ஆண்டுக்கணக்கில் கேட்ட பாடல்கள் அந்த யோசனையில் பங்கேற்கின்றன என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1991-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸை என்.டபிள்யூ.ஏ. குழுவைச் சேர்ந்த டாக்டர் டிரே தாக்கினார். டிரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை. ஆயினும் அவருடைய புகழ் வளர்ந்துகொண்டே போனது. தாம் காயப்படுத்திய பெண்களிடம் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்க 2015 வரை ஆயிற்று. மெகன் தீ ஸ்டேலியன் 2020 ஜூலையில் காலில் சுடப்பட்டபோது, அவர் பொய் சொல்கிறார் என்று இணையத்திலும் பாடல்களிலும் ஏளனம் செய்தவர்கள் ஏராளம். 2022 டிசம்பரில் ராப்பரும் பாடகருமான டோரி லேனஸ் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்து, அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதுவரை அந்தப் பெண் பட்ட பாட்டை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

கேட்பவர்களால் எதையாவது மாற்ற முடியுமா?

2004-இல் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் கல்லூரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கறுப்பினப் பெண்களுக்கான அந்தக் கல்லூரியில், ராப்பர் நெல்லியின் அறக்கட்டளை எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைப் பதிவு செய்யும் முகாம் நடத்தவிருந்தது. அவருடைய சகோதரிக்கு ரத்தப் புற்றுநோய். அப்போது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அவருடைய ஒரு காணொளியில், ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்க்கும் காட்சி இருந்தது. முகாமுக்கு வரும்போது இதைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்று மாணவிகள் கேட்டார்கள். முகாம் ரத்தானது. நோயாளிகளைப் பற்றிக் கவலையில்லையா என்று மாணவிகள்மீதே பழி விழுந்தது. எங்கள் எலும்பு மஜ்ஜை வேண்டும், எங்கள் கேள்வி வேண்டாமா என்பதே அவர்களுடைய நிலைப்பாட்டின் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த எதிர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு கறுப்பினப் பெண்களுக்கான எசென்ஸ் இதழ் ராப்பில் பெண் பிம்பத்தைப் பற்றித் தனி இயக்கமே தொடங்கியது. ஹிப்-ஹாப்பைக் கேட்டு வளர்ந்தவர்களே ஹிப்-ஹாப்பைக் கேள்வி கேட்டதால்தான் அந்தக் குரலை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே?

ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரானில் அகதியாக வளர்ந்த சொனிதா அலிசாதே, தம்மைப் பணத்துக்கு மணமுடித்துக் கொடுக்கக் குடும்பம் முயன்றபோது, மணக்கோலத்தில், முகத்தில் காயங்களும் நெற்றியில் விற்பனைப் பொருள்களில் இருப்பதுபோன்ற கோட்டுக்குறியும் (பார்கோடு) வரைந்து, விற்பனைக்கு வைக்கப்பட்ட மகள்களைப் பற்றி 2014-இல் ராப் பாடினார். பெண்கள் தனியாகப் பொதுவெளியில் பாடத் தடையுள்ள நாட்டில் இருந்துகொண்டு அவர் அதைச் செய்தார். அந்தக் காணொளி அவருடைய வாழ்க்கையையே மாற்றி, அமெரிக்காவில் படிக்கும் வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் சிலியின் அனா டிஜூ, ஆணாதிக்கத்தை நேரடியாக எதிர்க்கும் பாடலை ஸ்பானிய மொழியில் வெளியிட்டார்.

பிள்ளைகள் இத்தகைய பாடல்களைக் கேட்டால் வீட்டில் என்ன செய்வது?

பறிக்காதீர்கள், காதொலிக் கருவிக்குள் (இயர்போன்) ஒளிந்துகொண்டு கேட்பார்கள், அவ்வளவுதான். உடன் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். தாளத்தையும் எதுகையையும் மனமாரப் பாராட்டுங்கள், ஏனெனில் அவற்றில் பாராட்டத்தக்க உழைப்பு இருக்கிறது. பிறகு, இந்தப் பாட்டில் வரும் பெண்ணின் பெயர் என்ன, அவள் ஏதாவது பேசினாளா என்று கேளுங்கள். பேசவில்லை என்றால், அவள் இடத்திலிருந்து பதினாறு அடிகள் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மகளிடம் மட்டுமன்றி மகனிடமும் சொல்லுங்கள். முதல் முயற்சியில் எதுகை உதைக்கும். அப்போது ரொக்ஸான் ஷான்டேயின் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.